இரண்டாம் சங்கிலிக்குக் கீழே

கோபே
1974, பிப்ரவரி 12

அன்புத் தங்கை கினுவுக்கு,

உங்கள் பக்கம் பனி இன்னும் கூரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரரின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மழைக்கோட்டு ஆலையில் என்னைப் பொத்தான் பிரிவிலிருந்து காலர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணுக்கு வேலை கூடிவிட்டது, வாய்க்குக் குறைந்துவிட்டது. பக்கத்து மிஷின்காரிக்குக் காது கேட்காது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். தமொட்சு போய் இந்த ஜூலையோடு மூன்று வருடம் முடிகிறது. கப்பல் பட்டறையில் அவனோடு வெல்டிங் வேலை பார்த்த ஆறு பேரும் வருடம் தவறாமல் கசாகுரா மலைக்குப் போகிறார்கள். அவன் விழுந்த இடத்துக்கு மேலே நின்று அரிசி மது ஊற்றிவிட்டு வந்து, "ஊத்திட்டோம்மா" என்று என்னிடம் சொல்கிறார்கள். பெற்றவள் நான் பார்த்தது அவன் பெட்டியை மட்டும்தான். மழையில் ரயில் பாதை அறுந்து நான் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது ஆணி அடித்து முடித்திருந்தீர்கள்.

இந்த வருடம் நான் மேலே போகிறேன். பெண்கள் மண்டபம் வரை அல்ல. அங்கே நின்று மூடுபனியைக் கும்பிட்டது போதும். பெண் தடை வாசலைத் தாண்டி, பாறையில் பிடித்து ஏறப் போட்ட இரண்டாம் சங்கிலிக்குக் கீழே, அவன் கிடந்த இடம் வரைக்கும். நீ அந்த மலையடியில் யாத்ரீகர் விடுதி நடத்தி இருபத்தாறு வருடம் ஆகிறது. எந்த பஸ், என்ன செருப்பு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எதைச் சுமக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எல்லாவற்றையும் எழுது.

அந்த மழையில் ஏறி அவனைத் தேடி எடுத்துவந்த உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். அந்த நன்றியை இந்தப் பிறவியில் நான் சொல்லி முடிக்க முடியாது.

உன் அக்கா
ஹிசானோ


கசாகுரா அடிவாரம்
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இடுப்பு வலி குளிரோடு வந்தது, குளிரோடு போகும். அவர் இருமல் நின்றுவிட்டது. வாடகைக்குத்தான் வந்திருந்தது போல.

நீ வருவதாக எழுதியிருந்தது சந்தோஷம். மலை மே மூன்றாம் தேதி திறக்கிறது. முதல் மாதம் வராதே, கூட்டம். ஜூன் நடுவில் வா. ரயிலை விட்டு இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடு. ஒரு நாளைக்கு இரண்டே பஸ். இடது பக்கம் உட்கார், வலது பக்கம் முழுக்கப் பள்ளம், உனக்குத் தலை சுற்றும். வைக்கோல் செருப்பு வாங்கி ஏமாறாதே, அது பழகிய காலுக்குத்தான். கட்டுமானத் தொழிலாளிகள் போடும் ரப்பர் அடிக் காலணி போதும். சின்னத் துணிப் பையில் உப்பு எடுத்துக்கொள், மழை பெய்தால் அட்டை ஏறும். பெண்கள் மண்டபம் வரை அறுநூற்று நாற்பது படி. நடுவில் இரண்டு இடத்தில் உட்காரலாம். கழிப்பறை இருநூறாவது படியில் மட்டும்தான், அதனால் காலையில் தேநீரை அளவோடு குடி. மண்டபத்தில் கிழக்கு ஓரத்தில் நின்றால், வானம் தெளிந்த நாளில் சிகரத்துக் கோவிலின் கூரை தெரியும்.

உப்பில் போட்ட பிளம் வைத்துச் சோற்று உருண்டை நான் பிடித்துத் தருகிறேன். இந்த வருடம் இவருக்கு மலைச் சபையில் வாசல் காவல் முறை வந்திருக்கிறது. பெரிய கௌரவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கினு


கோபே
மார்ச் 20

கினு,

இங்கே பிளம் மரம் பூத்துவிட்டது. நான் சுகம்.

நான் இரண்டாம் சங்கிலியைக் கேட்டேன், நீ எனக்குக் கழிப்பறையைச் சொல்லியிருக்கிறாய்.

மலைத் தேவி பெண் என்றும், இன்னொரு பெண்ணைக் கண்டால் பொறாமையில் புயல் கிளப்புவாள் என்றும் உன் மாமியார் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? ஐம்பத்தாறு வயதுக்காரியின் முட்டியைப் பார்த்து எந்தத் தேவி பொறாமைப்படுவாள்? அன்றைக்கு மலை மேலே ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். ஒரு வாரம் மீன் தொடாமல், குளிர்ந்த நீரில் குளித்து, சுத்தபத்தமாக ஏறியவர்கள். அன்றைக்கு வந்த புயலை யார் கிளப்பியது? உன் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுது.

நான் பழக ஆரம்பித்துவிட்டேன். தினமும் ஆலை விட்டதும் எட்டுக் கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறி இறங்குகிறேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஹிசானோ, அரிசிக் கடையில வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேட்டான். "ஆமா, உன் வீட்டுக்குத்தான் கொண்டு போறேன், உன் பொண்டாட்டி கேட்டா" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அக்கா


கசாகுரா அடிவாரம்
மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதம் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மலை திறக்கும் நேரம், படுக்கை உறைகளைத் துவைப்பதும் காட்டுக் கீரைகளை உப்பில் போடுவதுமாக நாள் போய்விட்டது. நீ சுமை தூக்குவதைக் கேட்டு எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம்.

நீ சொன்னபடி இவரிடம் பேச்சை எடுத்தேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே, "அக்கா மேல போகணும்கறாங்க" என்றேன்.

"மேலன்னா?"

"வாசலுக்கு மேல."

அவர் கோபப்படவில்லை. ஊறுகாயை மென்று முடித்தார். "ஆயிரத்து முந்நூறு வருஷமா ஒருத்தியும் தாண்டல. நான் காவல் நிக்கற வருஷத்துலயா தாண்டணும்? உங்க அக்காவுக்கு அவங்க துக்கம் பெருசு. எனக்கு இந்த ஊரு முழுக்கப் பெருசு."

அப்புறம் எழுந்து போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. சபையார் அனுப்பும் யாத்ரீகர்கள் இல்லாவிட்டால் இந்த விடுதியில் அடுப்பு எரியாது.

நீ பிடிவாதக்காரி. ஆண்களே திணறுகிற பாதை என்பது உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன். வாசலைத் தாண்டினால் ஒரு மணி நேரம் தேவதாருக் காடு. வேர்கள் படி போல இருக்கும், ஆனால் நம்ப முடியாது. முதல் சங்கிலி சுலபம். இரண்டாவதில் இடது பக்கத்துப் பாறை உதிரும், அதில் கை வைக்கவே கூடாது. வலது காலுக்கு மட்டும் ஒரு வெட்டு இருக்கிறது, இடது காலுக்குத் தேடினால் தடுமாறிவிடுவோம். சங்கிலிக்கு முன்பாகவே இடப்புறம் மூங்கில் புதருக்குள் ஒரு தடம் பிரிகிறது. அது சுற்றிக்கொண்டு பாறைக்குக் கீழே போகும். அங்கே ஒரு விளிம்பு. ஓர் ஆள் மண்டியிட்டால் இன்னொரு ஆளுக்கு இடமில்லை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இரும்பு வாடை அடிக்கும், பல் கூசும் குளிர்ச்சி. மேலே பாதைக்கு ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பாறை சோப்புப் போல வழுக்கும்.

எல்லாம் விருந்தாளிகள் சொல்லக் கேட்டது. பெண்கள் மண்டபம் வரை வா. அது போதும்.

கினு


கோபே
மே 17

கினு,

சளிப் பிடித்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது. உங்கள் நலம் அறிந்தேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நேற்று தமொட்சுவின் சிநேகிதன் ஒரிஹாராவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் கெடந்த எடத்துல தண்ணி சொட்டுமாடா?" அவன் முழித்தான். "தண்ணியா? தெரியாதும்மா. நாங்க மேல சங்கிலிகிட்ட நின்னு ஊத்திட்டு வந்துருவோம். கீழ எறங்கினதில்ல. எறங்க வழி இருக்கா என்ன?"

மூன்று வருடம் போய் வந்தவனுக்குத் தெரியாத வழி. எந்த விருந்தாளி உனக்குச் சொன்னான்? சரி, ஒருத்தன் சொன்னான் என்றே வைத்துக்கொள்வோம். பல் கூசியது அவனுடைய பல்லா, உன்னுடைய பல்லா?

'தடுமாறிவிடுவோம்' என்று எழுதியிருக்கிறாய். தடுமாறுவார்கள் என்று எழுதவில்லை.

பதில் எழுது.

அக்கா


கோபே
ஜூன் 20

கினு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நீ உடம்புக்கு முடியாமல் இல்லை என்பது தெரியும். உன் விடுதிக்குத் தொலைபேசி போட்டேன், நீதான் எடுத்தாய், என் குரல் கேட்டதும் "விருந்தாளி கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டாய்.

எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். ஜூலை பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பத்தொன்பது அவன் போன நாள். அன்று ஏறுகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அக்கா


கசாகுரா அடிவாரம்
ஜூலை 1

அக்கா,

இங்கே மழை. எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் தேடப் போவதற்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள். தமொட்சுவோடு வந்த ஆறு பேரும் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார்கள். இவர் முதல் நாளே வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப் போயிருந்தது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. "ஒரு ஆள் கொறைஞ்சா ஒரு பக்கம் தேடாமப் போயிருவாங்க" என்றேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவருடைய வெள்ளை அங்கியையும் ஓலைத் தொப்பியையும் போட்டுக்கொண்டு வரிசையில் கடைசி ஆளாய்ச் சேர்ந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை அக்கா. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

சங்கு ஊதும் மொசுகே கிழவர் எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். "மழையில எவன் மொகமும் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூங்கில் புதருக்குள் இருந்த தடத்தைப் பார்த்தது நான். முந்தின மாலை அதில் வெள்ளம் ஓடியிருந்தது. அந்தக் காலையில் முழங்கால் சேறு. நான்தான் உள்ளே போனேன், நான்தான் கண்டேன். குப்புறக் கிடந்தான். சொட்டுகிற தண்ணீரைக் கையில் பிடித்து அவன் முகத்தைக் கழுவினேன். செருப்புக் கயிற்றை அவிழ்த்தேன், காலில் அழுந்திப் போயிருந்தது. பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டேன். கூப்பிடும்போது குரலை மாற்றக்கூட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அமைதியாகத் தூங்குவது போல இருந்தான் என்று உன்னிடம் சொன்னோம். பொய். அவன் பத்து விரலிலும் நகம் இல்லை. பாறையில் ஆள் உயரத்துக்கு மேலே வரை தேய்ந்த தடம். மழை கழுவியும் போகாத தடம். இரவெல்லாம் ஏறப் பார்த்திருக்கிறான் அக்கா. அதை உனக்குக் காட்டக்கூடாது என்று பெட்டியை மூடச் சொன்னதும் நான்தான்.

இறங்கி வந்ததும் இவர் சொன்னார்: "நீ போகல. நான் போனேன். கால் வீங்கினது அதுலதான்." சபையார் இவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். முன் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, நீ பார்த்திருக்கிறாய். மூன்றாம் நாள் நீ வந்து, இவர் முன்னால் நெற்றியைப் பாயில் வைத்து அழுதாய். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றேன். தட்டை வைக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அந்த அங்கி இன்னும் இருக்கிறது. உனக்குச் சரியாக இருக்கும். விடிந்ததும் விறகு வெட்டிகள் போகும் பின்பாதையில் கூட்டிப் போகிறேன். இதற்கு மேல் என்னால் முடியாது.

கினு


கோபே
ஜூலை 10

கினு,

உன் கடிதம் வந்த அன்று நான் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் குன்றுக்குப் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. இறங்கும்போது படியில் பாசி. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இடுப்பளவு மாவுக்கட்டு என்று எழுத ஆசை, முழங்கால் வரைதான். மூன்று மாதம் ஆகும் என்கிறார் மருத்துவர். இப்போது ஆஸ்பத்திரியில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், கவலைப்படாதே.

மலை கோபித்துக்கொண்டது என்று உன் வீட்டுக்காரர் சொல்லுவார். சொல்லட்டும். அது மலை இல்லை, மாநகராட்சிப் படி.

அவன் விரல்களைப் பற்றி நீ எழுதியதற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருடமாக என் பிள்ளை படுத்துச் செத்தான் என்று நினைத்திருந்தேன். அவன் படுக்கவில்லை. அது எனக்குத் தெரிய வேண்டும். உடம்பெல்லாம் எரிகிறது, ஆனால் தெரிய வேண்டும்.

அங்கி வேண்டாம். உன் வீட்டுக்காரர் துணிக்குள் நான் நுழைய மாட்டேன். பின்பாதையும் வேண்டாம். அவன் எந்த வாசல் வழியாகப் போனானோ அந்த வாசல் வழியாக, பட்டப்பகலில், என் சொந்த முகத்தோடு, ஆலைக்குப் போடும் நீலக் காற்சட்டையோடு போவேன். அடுத்த வருடம். நீ காத்திரு.

அக்கா


கசாகுரா அடிவாரம்
ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வலிக்கிறதா? எலும்பு கூட மீனைத் தலையோடு சாப்பிடு. எனக்கு உடம்பு முழுக்க வலி. ஆனால் நன்றாக இருக்கிறேன்.

நான் காத்திருக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலையில் பதினேழு பேருக்குக் கஞ்சி வைத்து, பாத்திரம் கழுவி, அடுப்பை அணைத்தேன். சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. படிகளில் ஏறி ஒன்பது மணிக்கு வாசலுக்குப் போனேன். இவர் காவல் பெஞ்சில் இருந்தார். சபைத் தலைவர் முராகோஷியும், மொசுகே கிழவரும், வெளியூர் யாத்ரீகர்கள் ஒரு பத்துப் பேரும் இருந்தார்கள்.

இவர் எழுந்து வந்து, "சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டேனா?" என்று கையை நீட்டினார்.

"இல்லீங்க. நான் மேல போறேன்."

"எங்க?"

"தமொட்சு கெடந்த எடத்துக்கு. அக்காவுக்குக் கால் முறிஞ்சிருச்சு. அவங்களுக்காகப் போறேன். ரெண்டாவது தடவையா."

தலைவர் காதில் அது விழுந்துவிட்டது. "என்ன ரெண்டாவது தடவை? ஜின்பெய், உன் பொண்டாட்டி என்ன சொல்லுது?"

நானே சொன்னேன். அங்கி, தொப்பி, மூங்கில் தடம், எல்லாவற்றையும் சொன்னேன். மனசுக்குள் மூன்று வருடமாகச் சொல்லிப் பார்த்தது, அதனால் தடுமாறவில்லை. சொல்லச் சொல்ல எனக்குப் பசிப்பது போல இருந்தது.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. "பொய். ஒரு பொம்பள தாண்டியிருந்தா மல சும்மா இருந்திருக்காது."

"சும்மாத்தான் இருந்துச்சு" என்றேன். "மழ கூட அன்னிக்கு மத்தியானம் விட்டுருச்சு. உங்க குறிப்புப் புத்தகத்துலயே எழுதியிருக்கீங்க, பாருங்க."

ஓர் இளவட்ட யாத்ரீகன் தன் கைத்தடியை வாசலுக்குக் குறுக்கே நீட்டினான். மொசுகே கிழவர் சங்கைத் துடைத்துக்கொண்டே வந்து அந்தத் தடியின் மேல் கை வைத்து அழுத்தினார். "தம்பி, அன்னிக்கு இவங்க என் பின்னால நடந்தாங்க. மொகம் நல்லாத் தெரிஞ்சுது. நான்தான் தெரியலன்னு சொன்னேன். எனக்கு எண்பத்தி ரெண்டு வயசு, இனி எதுக்குப் பொய்?"

தலைவர் இவர் பக்கம் திரும்பினார். "ஜின்பெய், நீ சொல்லு. நீ காவல்காரன்."

எல்லோரும் இவரையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரப்பர் அடிக் காலணியை. "நேத்து மழ பெஞ்சிருக்கு. வேரு மேல கால வைக்காத" என்றார்.

அவ்வளவுதான். நான் வாசலைத் தாண்டினேன்.

இரண்டாம் சங்கிலிக்குக் கீழே போய் அந்த விளிம்பில் உட்கார்ந்து, அவனுக்குச் சோற்று உருண்டையும் உனக்குப் பதிலாக நாலு வார்த்தையும் வைத்தேன். அங்கிருந்து திரும்புவதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டுக் கோவிலைப் பார்க்காமல் இறங்க எனக்கு மனசு வரவில்லை. சிகரத்துக்குப் போனேன் அக்கா. இருபத்தாறு வருடம் அந்தக் கோவிலுக்குப் போகிறவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறேன். பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நம் விடுதிச் சமையல்கட்டு அளவுதான் இருக்கிறது. கும்பிட்டேன். தேவி ஒன்றும் சொல்லவில்லை. காற்று மட்டும் நன்றாக அடித்தது.

இறங்கி வந்தபோது விடுதி வாசலில் சபையின் அங்கீகாரப் பலகை இல்லை. கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதினேழு பேரும் மூட்டை கட்டிப் பக்கத்து விடுதிக்குப் போய்விட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊறவைத்திருந்த காளானை நான் உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். ஒரு வாரமாக இவர் என்னோடு பேசவில்லை. டோஃபு விற்கிறவர் எங்கள் வீட்டுக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி பின்கட்டு வழியாகத் தினமும் இரண்டு கட்டி வைத்துவிட்டுப் போகிறாள்.

கினு


கோபே
ஆகஸ்ட் 4

கினு,

மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது, பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். மற்றபடி நலம். நீயும் சாப்பிட்டுத் தூங்கு.

காத்திரு என்று சொன்னேன், போய்விட்டாய். இரண்டு நாள் உன் மேல் எரிச்சலாக இருந்தேன். நான் சுமந்த அரிசி, நான் ஏறிய குன்று, நீ ஏப்ரனோடு போய் வந்துவிட்டாய். மூன்றாம் நாள் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் தாதிகள் வந்து கேட்டார்கள். இப்போது இந்த வார்டு முழுக்க உன்னைத் தெரியும்.

உன் வீட்டுக்காரர் முன்னால் நான் வைத்த வணக்கத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன். அவரே வைத்துக்கொள்ளட்டும், கனக்கட்டும். ஆனால் மழை பெய்திருக்கிறது என்று அவர் சொன்னாரே, அதை நான் மறக்கவும் மாட்டேன். உனக்கு வைக்க வேண்டிய வணக்கம் என்னிடம் இருக்கிறது. கால் மடங்கட்டும், நேரில் வந்து வைக்கிறேன்.

அக்கா


கசாகுரா அடிவாரம்
1975, ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டுப் பிரித்த கால் குளிரில் எப்படி இருந்தது? இந்தக் குளிர்காலம் எங்களுக்கு நீளமாகிவிட்டது. இலையுதிர் காலம் முழுக்க ஐந்தே விருந்தாளிகள். அதில் ஒருவர் வழி தவறி வந்தவர். முள்ளங்கியை வற்றல் போட்டுப் பக்கத்து ஊர்ச் சந்தையில் விற்றேன். இடுப்பு வலி இருக்கிறது, ஆனால் ஆளைச் சாய்க்கவில்லை.

உன் ஆஸ்பத்திரித் தாதிகள் யாரிடம் சொன்னார்களோ, மார்ச்சிலிருந்து எனக்குக் கடிதங்கள் வருகின்றன. எல்லாம் பெண்கள். ஒரு பள்ளி ஆசிரியை. கணவனை இந்த மலையில் இழந்த ஒருத்தி. சும்மா மலை ஏறப் பிடிக்கும் என்று ஒரு பெண், அவள் காரணம்கூடச் சொல்லவில்லை. எப்படி வருவது, என்ன கொண்டுவருவது என்று கேட்கிறார்கள். பதினொரு பேருக்குத் தனித்தனியாக எழுத முடியாமல், ஒரே தாளில் எழுதி நகல் எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பஸ், செருப்பு, உப்பு, தேவதாருக் காடு, சங்கிலி.

இவர் பின்னால் வந்து நின்று படித்தார். குளிர்காலம் முழுக்க எங்களுக்குள் உப்பு, அரிசி போல அத்தியாவசியப் பேச்சு மட்டும்தான். நான் கையால் மூடப் போனேன்.

"முதல் சங்கிலி சுலபம்னு எழுதியிருக்க. மழையில சுலபமில்ல. மாத்து" என்றார்.

மாற்றினேன். இன்னும் கொஞ்சம் படித்தார். 'விருந்தாளிகள் சொல்லக் கேட்டது' என்று பழக்கத்தில் நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

"இத அடி. நீ பாத்ததுன்னு எழுது."

அடித்தேன். அவர் வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். தேவைக்கு மேலேயே பிளந்தார். மறுநாள் சபைக்குப் போய் வாசல் காவல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குச் சொல்லவில்லை, டோஃபுக்காரி சொல்லித்தான் தெரியும்.

பெண்களுக்குத் தடை என்று சபையார் மலை வாசலில் புதுப் பலகை அடித்திருக்கிறார்கள். பழையதைப் போல இரண்டு மடங்கு, எழுத்தும் பெரிது. இந்த வருடம் தடுக்க நிறையப் பேர் நிற்பார்கள் என்று பேச்சு. மே மூன்றாம் தேதி, முதல் பஸ். இடது பக்கம் உட்கார்.

கினு


கோபே
மே 9

அன்புத் தங்கை கினுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் லேசாக வீங்கியிருக்கிறது, வெந்நீரில் வைத்தால் வடிந்துவிடும். உன் தொண்டை சரியானதா? வாசலில் அவ்வளவு நேரம் கத்தியிருக்க வேண்டாம். முராகோஷிக்குக் காது நன்றாகவே கேட்கிறது. உனக்குக் கடிதம் எழுதி வந்த பெண்களோடு நாம் எட்டுப் பேரும் உள்ளே போன பிறகும் அவர் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாராமே, உன் வீட்டுக்காரர் பஸ் நிறுத்தத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விளிம்பில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று நீ மற்றவர்களோடு சங்கிலி வழியாக மேலே போய் எனக்காகக் காத்திருந்தாய். நான் மூங்கில் தடத்தில் திரும்பி வருவேன் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். என் தலை உன் முதுகுக்குப் பின்னால், பாறை விளிம்பில் முளைத்ததும் அலறிவிட்டாய். "ஏன்க்கா இந்தப் பக்கமா வந்தே?" என்று கேட்டாய். "வழி தவறிட்டேன்" என்றேன். வழி தவறவில்லை.

அங்கே போனால் அழுவேன் என்று நினைத்துத்தான் போனேன். கைக்குட்டை இரண்டு வைத்திருந்தேன். அழுகை வரவில்லை. உட்கார்ந்து பாறையைப் பார்த்தேன். நீ சொன்ன தேய்ந்த தடம் ஒன்றும் இப்போது இல்லை, பாசி மூடிவிட்டது. ஆனால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் என்று நீ எழுதியது சரி. வெயில் அடித்தது, தண்ணீர் சொட்டாத பக்கம் பாறை காய்ந்திருந்தது. வலது பக்கம் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பிளவு. விரல் நான்கு போகும். அதற்கு மேலே ஒரு வேர். வெளிச்சத்தில் எல்லாம் தெரிகிறது கினு. பிள்ளைகூடப் பார்த்துவிடும். இருட்டில், மழையில், மேலேயிருந்து தண்ணீர் முகத்தில் கொட்டும்போது எவனுக்கும் தெரியாது.

நான் அந்தப் பிளவில் கையை விட்டு ஏறினேன். முதல் தடவை சறுக்கி மண்டியிட்டேன். இரண்டாம் தடவை முட்டி தேய்ந்தது. மூன்றாம் தடவை வேர் கையில் வந்தது. அவன் ஏற முடியாமல் போன அந்த ஓர் ஆள் உயரத்தை நான் ஏறினேன். அவனுக்கு இருபத்திரண்டு வயது, என்னைவிட இரண்டு மடங்கு பலம். அவன் பலவீனமாக இருக்கவில்லை, பயப்படவும் இல்லை. வெளிச்சம்தான் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் காலர் பிரிவிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். பக்கத்து மிஷின்காரியும் வருகிறாள். காது கேட்காதவள், சபையார் என்ன கத்தினாலும் அவளுக்குக் கவலையில்லை. சோற்றை அளந்து போடாதே. எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

உன் அக்கா
ஹிசானோ